நியூயார்க்கில் தூரிகை தொடக்கூடாது… மெக்சிகோவில் பறந்தது வெள்ளைக் குதிரை! தெரியுமா?

மார்க் ஷகால் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? ஊருக்கு மேலே மிதக்கும் காதலர்கள், கூரையில் உட்கார்ந்து பிடில் வாசிக்கும் தாத்தா, பச்சை முகம், நீல மாடு! உலக அருங்காட்சியகங்கள் போட்டி போட்டு வாங்கிய இந்த ஓவியர், 1942-ல் தன் 55-வது வயதில் ஒரு பாலே நடனக் குழுவுக்காக மெக்சிகோ போனார். சில வாரங்களில் நான்கு ராட்சதப் படுதாக்களையும் எழுபதுக்கும் மேற்பட்ட நாட்டிய உடைகளையும் உருவாக்கித் தந்தார். அந்த பாலேயின் பெயர் 'அலெக்கோ'. அதற்குப் பின்னால் இருக்கும் கதை, படங்களைவிட அதிசயமானது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்!

1. உயிர் தப்பி வந்த அகதி அவர், தெரியுமா?

ஷகால் பிறந்த ஊர் வீட்டெப்ஸ்க். இன்று பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. எளிய யூதக் குடும்பம். பின்னாளில் பாரிஸில் பேரும் புகழும் பெற்று, பிரெஞ்சுக் குடியுரிமையும் வாங்கினார். ஆனால் ஹிட்லரின் படை பிரான்ஸைப் பிடித்ததும் எல்லாம் தலைகீழ். மார்செய் நகரில் யூதர்களைத் தேடி நடந்த சோதனையில் ஷகாலும் பிடிபட்டார். வேரியன் ஃப்ரை என்ற அமெரிக்கர் போராடி அவரை விடுவித்தார். கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் நாஜிகளிடமிருந்து காப்பாற்றுவதற்கென்றே பிரான்ஸுக்கு வந்திருந்தவர் அவர். ஷகாலும் மனைவி பெல்லாவும் லிஸ்பனில் கப்பலேறி 1941 ஜூனில் நியூயார்க்கில் கால் வைத்தார்கள். அதே ஜூனில்தான் ஜெர்மனி சோவியத் நாட்டுக்குள் புகுந்தது. அடுத்த மாதமே வீட்டெப்ஸ்க் விழுந்தது. அவர் வாழ்நாள் முழுக்க வரைந்த ஊர், போர் முடியும்போது இடிபாடுகளாகிக் கிடந்தது!

2. பாலே அவருக்குப் புதிதல்ல

இளைஞர் ஷகால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓவியம் கற்றது யாரிடம் தெரியுமா? லெயோன் பாக்ஸ்டிடம்! பாரிஸையே புரட்டிப்போட்ட தியாகிலெவின் 'ரஷ்ய பாலே' குழுவுக்கு மேடையும் உடையும் வடிவமைத்த அதே பாக்ஸ்ட்தான். குரு பாரிஸுக்குப் போனபோது தானும் கூடவே போக ஆசைப்பட்டார் சீடர், நடக்கவில்லை. பிறகு எப்படியோ பாரிஸ் போய்ச் சேர்ந்தார். பாக்ஸ்ட் பாலேக்களால் புகழின் உச்சியில் இருந்த காலம் அது. சீடனோ பாலே மேடை கிடைக்காமலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். அலெக்கோதான் ஷகால் வடிவமைத்து மேடையேறிய முதல் பாலே!

3. பிக்காஸோவையும் ஷகாலையும் மேடைக்கு இழுத்தது ஒரே ஆள்!

அலெக்கோவின் நடன அமைப்பாளர் லியோனித் மஸீன். இவருடைய பாலேக்களுக்கு வேலை செய்த ஓவியர்களின் பட்டியலைக் கேட்டால் மூச்சு முட்டும். 1917-ல் 'பரேட்' பாலேக்கு பிக்காஸோ. அந்த வேலைக்காக ரோம் போன இடத்தில்தான் பிக்காஸோ, தியாகிலெவ் குழுவின் நடனப் பெண் ஓல்காவைச் சந்தித்து, அடுத்த ஆண்டே கல்யாணம் செய்துகொண்டார்! 1920-ல் மத்தீஸ். 1932-ல் மிரோ. 1939-ல் தாலி. 1942-ல் ஷகால். இருபதாம் நூற்றாண்டு ஓவிய வரலாற்றில் பாதி, இந்த ஒரு மனிதரின் ஒத்திகைக் கூடத்தைக் கடந்துதான் போயிருக்கிறது. 'தி ரெட் ஷூஸ்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படம் பார்த்திருந்தால் நீங்கள் அவரையே பார்த்திருக்கிறீர்கள். செருப்புத் தைப்பவராக ஆடுபவர் மஸீன்தான்!

4. அகதிக்கு வாய்த்த கதையும் அகதியின் கதையே

மூலக்கதை, ரஷ்ய மகாகவி புஷ்கின் 1824-ல் எழுதி முடித்த 'ஜிப்ஸிகள்' என்ற கதைக் கவிதை. தென்ரஷ்யாவுக்கு நாடுகடத்தப்பட்ட காலத்தில் புஷ்கின் எழுதத் தொடங்கிய படைப்பு இது. கதாநாயகன் அலெக்கோ நகர வாழ்க்கையை உதறிவிட்டு ஜிப்ஸிக் கூட்டத்தோடு சேர்கிறான். ஸெம்ஃபிரா என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவள் மனம் வேறொரு இளைஞனிடம் போக, பொறாமையில் இருவரையும் கொன்றுவிடுகிறான். ஸெம்ஃபிராவின் தந்தை அவனைப் பழிவாங்கவில்லை. "எங்களோடு இருக்காதே, போய்விடு" என்று மட்டும் விலக்கி வைக்கிறார். வீட்டைவிட்டு ஓடியவனுக்கு ஓடிவந்த இடமும் இல்லாமல் போகிறது! எழுதியவர் நாடுகடத்தப்பட்டவர், வரைந்தவர் அகதி, ஆட்டுவித்த மஸீனும் ரஷ்யாவைவிட்டு வந்தவர். இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

5. வீட்டு கிராமபோனில் உருவான பாலே

நியூயார்க்கில் ஷகாலின் வீட்டில்தான் முதல் வேலை நடந்தது. கிராமபோனில் சாய்கோவ்ஸ்கியின் இசைத்தட்டு சுழலும். பெல்லா புஷ்கினின் வரிகளை ரஷ்ய மொழியில் உரக்க வாசிப்பார். மஸீன் அசைவுகளை யோசிப்பார். ஷகாலின் கை தாளில் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தும் ஆங்கிலத்தைப் பழகிக்கொள்ளாதவர் ஷகால். மஸீனோடு ரஷ்ய மொழியிலேயே பேசிக்கொண்டு, ரஷ்யக் கவிதையை ரஷ்ய இசையில் கேட்டுக்கொண்டு வேலை செய்த அந்த மாதங்கள், அந்நிய நகரத்துக்குள் அவருக்குக் கிடைத்த சொந்த ஊர்!

6. மூவர் கச்சேரி முழு ஆர்கெஸ்ட்ரா ஆனது

அந்த இசை, பாலேக்காக எழுதியதே அல்ல. பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்காக மட்டும் சாய்கோவ்ஸ்கி எழுதியது. தன் நண்பரும் மாபெரும் பியானோ கலைஞருமான நிக்கோலாய் ரூபின்ஸ்டைன் இறந்தபோது, அவர் நினைவாக 1882-ல் முடித்த படைப்பு. அதைத்தான் அலெக்கோவுக்காக முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார்கள். ஒரு நண்பனுக்கான அஞ்சலி, அறுபது ஆண்டுகள் கழித்து ஜிப்ஸிகளின் காதலுக்கும் கொலைக்கும் இசையாகிவிட்டது!

7. எல்லாம் சரி, மெக்சிகோவுக்கு ஏன் போனார்கள்?

இங்கேதான் சுவாரசியமான திருப்பம்! ஷகாலை அழைத்த குழு 'பாலே தியேட்டர்'. இன்று அமெரிக்கன் பாலே தியேட்டர் என்ற பெயரில் உலகப் புகழோடு இருக்கிறது; அன்று அதற்கு வயது இரண்டுதான். நியூயார்க்கில் மேடைப் படுதா வரைய வேண்டுமானால் மேடை ஓவியர் தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஷகால் உறுப்பினர் இல்லை. ஆகவே அவர் சிறிய மாதிரிப் படம் வரைந்து கொடுக்கலாம், அவ்வளவுதான். சங்கத்து ஆட்கள் அதைப் பெரிதாக்குவார்கள். தன் படுதாவில் தானே தூரிகை வைக்கக் கூடாது! அந்தச் சங்க விதி மெக்சிகோவில் இல்லை. செலவும் குறைவு. குழு அங்கே கோடைக்காலத்தில் ஒத்திகை பார்த்து நிகழ்ச்சி நடத்துவதாகவும் ஏற்பாடு. 1942 ஆகஸ்டில் ஷகாலும் பெல்லாவும் மெக்சிகோ சிட்டியில் வந்து இறங்கினார்கள். முதல் காட்சிக்குச் சில வாரங்களே இருந்தன!

8. அரை கிரவுண்டைவிடப் பெரிய படம்!

ஒவ்வொரு படுதாவும் சுமார் 15 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம். நம் கணக்கில் அரை கிரவுண்ட் மனையில் விரித்தால் துணி வேலியைத் தாண்டி வெளியே கிடக்கும். இப்படி நான்கு! பொதுவாக இந்த அளவு வேலையில், ஓவியர் தரும் சிறு மாதிரியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றாக நகலெடுப்பார்கள். நகலெடுக்கும்போது கோடு நேராக வந்துவிடும். கையின் நடுக்கமும் வேகமும் வராது. ஷகால் அதற்கு விடவில்லை. பருத்தித் துணியில் டெம்பரா வண்ணத்தைத் தானே பூசினார். அதனால்தான் இன்று அருகில் போய்ப் பார்த்தாலும் கை துடைத்த தடமும் வண்ணம் கசிந்த இடமும் தூரிகையின் சுழிப்பும் அப்படியே தெரிகின்றன. நடனம் ஆடுவதற்கான பின்னணி என்பதைத் தாண்டி, உலகின் மிகப் பெரிய ஷகால் ஓவியங்களின் வரிசையில் இவையும் சேர்ந்துவிட்டன!

9. ஒரு பாலே, நான்கு உலகங்கள்

முதல் படுதாவில் நிலவொளி. ஆழ்ந்த நீல இரவு, வெள்ளை நிலா, அது தண்ணீரில் விழும் ஒளி, மேகத்தோடு மிதக்கும் காதலர்கள், பறந்துவரும் சிவப்புச் சேவல். இரண்டாவது, ஜிப்ஸிகளின் திருவிழா. மூன்றாவது, கோடைக்காலப் பிற்பகலில் கோதுமை வயல். கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள்! வானத்தில் ஒன்றல்ல, இரண்டு சூரியன்! மெக்சிகோவின் வெயிலில் நின்று வரைந்தவருக்கு ஒரு சூரியன் போதவில்லை போலிருக்கிறது.

நான்காவதுதான் உச்சம். தலைப்பு, 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கற்பனை'. கீழே செக்கச் சிவந்து கிடக்கும் நகரம். மேலே கருத்த வானம். அதில் வண்டிச் சக்கரத்தை இழுத்தபடி ஒரு வெள்ளைக் குதிரை பாய்கிறது. அது போகும் திசையில், எந்தக் கூரையிலும் தொங்காத ஒரு பொன்னிறச் சரவிளக்கு எரிகிறது. இந்தப் படுதாவுக்கு முன்னால்தான் அலெக்கோ கொலை செய்கிறான். 1942-ன் செப்டம்பரில் அந்த ரஷ்ய நகரம் லெனின்கிராட் என்ற பெயரில் ஜெர்மானிய முற்றுகைக்குள் பட்டினி கிடந்துகொண்டிருந்தது. அந்த நகரத்தில் படித்த மாணவர்தான் கடலுக்கு அப்பால் நின்று அதைச் சிவப்பில் வரைந்தார். இதை அறிந்துகொண்டு அந்தக் குதிரையைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது!

10. உடையும் ஓவியம்தான்!

எழுபதுக்கும் மேற்பட்ட உடைகள். தையல் வேலைகளை மேற்பார்த்தவர் பெல்லா. துணி தைத்து வந்ததும் ஷகால் தூரிகையோடு உட்கார்ந்துவிடுவார். பாவாடை மடிப்பிலும் சட்டைக் கையிலும் மீனும் மாடும் பூவும் வந்து அமரும். நின்றால் ஓர் ஓவியம், சுழன்றால் வேறோர் ஓவியம். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் படுதாவிலிருந்து இறங்கி வந்த வண்ணத் துண்டு போலவே தெரிய வேண்டும் என்பதுதான் திட்டம். அந்த உடைகளில் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன; கண்காட்சிகளில் வைத்துக் காட்டுகிறார்கள்.

11. வெள்ளுடை தேவதை ஜிப்ஸி ஆனார்

ஸெம்ஃபிராவாக ஆடியவர் அலிசியா மார்கோவா. பதினான்கு வயதிலேயே தியாகிலெவின் குழுவில் சேர்ந்த பிரிட்டிஷ் மேதை. 'கிஸெல்' பாலேயில் வெள்ளை உடையில் காற்றுபோல் மிதப்பதற்குப் பேர்போனவர். அவரையே சிவப்புப் பாவாடை கட்டிக் கூந்தலைக் கலைத்துவிட்டு, கண்ணில் தீயோடு ஆடவைத்தார்கள் மஸீனும் ஷகாலும். அலெக்கோவாக ஜார்ஜ் ஸ்கிபீன். ஸெம்ஃபிராவின் தந்தையாக வந்தவர் யார் தெரியுமா? ஆன்டனி டியூடர்! அவரே அந்த நூற்றாண்டின் தலைசிறந்த நடன அமைப்பாளர்களில் ஒருவர்.

12. திரைக்கே திரை போட்ட அரங்கம்

1942 செப்டம்பர் 8. இடம், மெக்சிகோ சிட்டியின் பளிங்கு மாளிகை 'பலாசியோ தே பெயாஸ் ஆர்தெஸ்'. அந்த அரங்கின் முன்திரை துணியல்ல, கண்ணாடி! டிஃபனி நிறுவனம் செய்த அந்தத் திரையில் ஏறக்குறைய பத்து லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் சேர்ந்து, மெக்சிகோவின் இரண்டு எரிமலைகளைக் காட்டுகின்றன. எடை 20 டன்னுக்கும் மேல்! மாடியிலோ தியேகோ ரிவேராவின் மாபெரும் சுவரோவியம். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் கட்டடத்தில் அழிக்கப்பட்ட தன் ஓவியத்தை அவர் மறுபடி வரைந்தது இந்தக் கட்டடத்தில்தான். அமெரிக்காவில் இடம் கிடைக்காத இரண்டு ஓவியர்களின் கைவண்ணத்துக்கு ஒரே கூரை!

அன்று இரவு கைதட்டல் ஓயவில்லை. 19 முறை திரை தூக்கி வணங்க வேண்டியிருந்ததாம்!

13. "ஆடுகிறவர்கள் கொஞ்சம் நகர்ந்தால் தேவலை!"

ஒரு மாதத்துக்குள் அக்டோபர் 6-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் அலெக்கோ வந்திறங்கியது. எந்த ஊரில் தூரிகை தொடக்கூடாது என்றார்களோ, அதே ஊரின் மிகப் பெரிய மேடையில் அவர் கைப்பட வரைந்த படுதாக்கள்! நியூயார்க் டைம்ஸின் நடன விமர்சகர் ஜான் மார்ட்டின் என்ன எழுதினார் தெரியுமா? மேடைப் பின்னணி என்ற வகையில் இவை தேறாது. ஆனால் அற்புதமான ஓவியங்கள். முன்னால் நின்று மறைப்பவர்கள் விலகினால் நன்றாக இருக்குமே என்று பல முறை தோன்றியது என்ற பொருளில் எழுதிவிட்டார். நடன விமர்சகரே நடனக்காரர்களை நகரச் சொன்ன விநோதம் வேறெங்காவது உண்டா!

14. தீப்பறவை மீட்டுத் தந்த தூரிகை

மெக்சிகோவிலிருந்து திரும்பி இரண்டே ஆண்டுகள். 1944 செப்டம்பர் 2-ல் பெல்லா நோய்த்தொற்றில் இறந்தார். ஷகாலின் படங்களில் மிதக்கும் பெண், ஷகால் மதித்துக் கருத்துக் கேட்ட முதல் விமர்சகர், அலெக்கோவின் பாதி உழைப்பு அவருடையது. ஷகால் தன் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். பல மாதங்கள் தூரிகையைத் தொடவில்லை. மீண்டும் அவரை எழுப்பியது எது தெரியுமா? பாலேதான்! ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தீப்பறவை'க்கு மேடையும் உடையும் வேண்டும் என்று அதே குழு 1945-ல் கேட்டது. மகள் ஈதா துணைக்கு நின்றார். அந்த அக்டோபரில் மெட்ரோபாலிடன் அரங்கின் திரையில் தங்கமும் நீலமுமாய் ஒரு பறவை எழுந்தது. துக்கத்திலிருந்து ஒரு கலைஞனை இழுத்துவந்த பறவை!

15. அந்தப் பறவை இன்னும் பறக்கிறது

அந்தப் படுதாக்களை நியூயார்க் சிட்டி பாலே வாங்கிக்கொண்டது. 1949-ல் ஜார்ஜ் பாலன்ஷின் புதிதாக நடனம் அமைத்தார். தீப்பறவையாக ஆடிய மரியா டால்சீஃப், அமெரிக்கப் பழங்குடியான ஓசேஜ் இனத்தில் பிறந்தவர். ஒரே இரவில் நட்சத்திரம் ஆனார். ஷகாலின் வடிவமைப்போடு அந்தக் குழு இன்றுவரை 'தீப்பறவை'யை மேடையேற்றுகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஓய்வு பெறாத வண்ணங்கள்!

16. துணியிலிருந்து கூரைக்கு!

மெக்சிகோவில் பெரிய அளவில் வரையப் பழகிய கை, கடைசியில் எங்கே போய் நின்றது தெரியுமா? பாரிஸ் ஓபராவின் உச்சியில்! 200 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட விதானத்தை 1964-ல் வரைந்து முடித்தபோது ஷகாலுக்கு வயது 77. அந்த வேலைக்குக் கூலியே வாங்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் சாய்கோவ்ஸ்கியின் 'அன்ன ஏரி' தெரியும், 'கிஸெல்' தெரியும், 'தீப்பறவை'யும் தெரியும். பாலேக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் அது.

17. படுதாக்கள் இப்போது எங்கே?

நாடகம் முடிந்தால் படுதாவைச் சுருட்டி மூலையில் போடுவதுதான் எங்கும் வழக்கம். அலெக்கோவின் படுதாக்கள் பிரிந்து போயின. கோதுமை வயல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்கு. மற்ற மூன்றும் 1994-ல் ஜப்பானின் வடமூலையில் உள்ள அவோமோரி மாகாணத்துக்கு! அவற்றை மாட்டுவதற்கென்றே 21 மீட்டர் நீளம், 21 மீட்டர் அகலம், 19 மீட்டர் உயரத்தில் ஒரு கூடத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி அருங்காட்சியகம் கட்டி 2006-ல் திறந்தார்கள். மூன்று துணிகளுக்காக ஒரு கட்டடம்! 2017-ல் ஃபிலடெல்ஃபியாவின் கோதுமை வயலும் நீண்டகாலக் கடனாக அங்கே வந்து சேர, நான்கு சுவர்களிலும் நான்கு காட்சிகள்.

இத்தனையையும் படித்த பிறகு ஒன்று நிச்சயமாகச் சொல்லலாம். ஊரை இழந்து அகதியான ஒருவருக்கு, ஒரு பாலே குழு மேடையைக் கொடுத்தது. அவர் அந்த மேடையில் தன் நாட்டையே விரித்துவைத்தார். அலெக்கோவின் நடனத்தை இன்று எந்தக் குழுவும் வழக்கமாக ஆடுவதில்லை. நிலைத்தது படுதாதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஜப்பான் போகும் வாய்ப்பு கிடைத்தால் டோக்கியோவோடு திரும்பிவிடாதீர்கள். புல்லட் ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்னே பின்னே அவோமோரி. போவதற்கு முன் கோதுமை வயல் அங்கேயே இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே இப்போது உங்களுக்கும் அந்த வெள்ளைக் குதிரைக்கும் இடையில் நின்று மறைக்க யாரும் இல்லை. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்!